தற்சார்புக் கணினி விளையாட்டுகள்: ஆடலும் ஆக்கமும்

இலக்கியம் என நாம் வழங்கும் சொல் காலந்தோறும் தன் எல்லையை விரித்து வந்துள்ளது. பாட்டு, உரை, கூத்து என நின்ற பழைய பகுப்பினுள் புதினமும் சிறுகதையும் புகுந்தபோது ஐயுற்றோர் பலர். திரைப்படம் ஆய்வுப் பொருளாக ஏற்கப்படுவதற்கும் நெடுங்காலம் சென்றது. இன்று அவ்வாறே வாயிலில் நிற்பது கணினி விளையாட்டு. அதனைச் சிறுவர் பொழுதுபோக்கு என ஒதுக்குவார் உளர். பெருவணிகம் என அஞ்சி விலகுவாரும் உளர். இவ்விரு கருத்தும் அக்கலையின் ஒரு பகுதிக்கே பொருந்தும். ஒருவரோ சிலரோ கூடித் தம் விருப்பின்வழி இயற்றும் தற்சார்பு விளையாட்டுகள் என ஒரு தனிக் கிளை உண்டு. அக்கிளையின் இயல்பு யாது, அது பொருள் உணர்த்தும் முறை எத்தகையது, அதனைத் தேடிக் காண்பதும் ஆடுவதும் ஆக்கக் கற்பதும் எங்ஙனம் என்பவற்றைத் தமிழ் ஆய்வாளர்க்கு விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பெயரும் வரையறையும்

ஆங்கிலத்தார் ‘இண்டி’ எனச் சுருக்கி வழங்கும் இவ்விளையாட்டுகளைத் ‘தற்சார்பு விளையாட்டுகள்’ என ஈண்டுக் குறிப்போம். இவற்றை வரையறுப்பார் மூன்று அடையாளங்களைக் கூறுவர். முதற்பொருள் சிறிதாதல் ஒன்று. ஆக்குநர் தொகை குறைவாதல் மற்றொன்று. எதனை ஆக்குவது, எப்போது முடிப்பது என்னும் தீர்மானம் ஆக்குநர் கையிலேயே இருத்தல் பிறிதொன்று. இவற்றுள் முன்னவை இரண்டும் மாறுபடக் கூடியன. பெரும்பொருள் ஈட்டிய பின்னும் தற்சார்பாக நிற்பார் உண்டு. வெளியீட்டாளர் துணையைப் பெறுவாரும் உண்டு. ஆதலின் தீர்மான உரிமையே இவற்றின் உயிர்நிலை எனக் கொள்ளுதல் தகும்.

இவ்வுரிமையால் விளைவது யாது? நூற்றுக்கணக்கானோர் பல்லாண்டு உழைத்து உருவாக்கும் பெருவிளையாட்டு, இட்ட முதலை மீட்டாக வேண்டும். எனவே முன்னர் வென்ற வழியையே பெரும்பாலும் பின்பற்றும். தற்சார்பு ஆக்குநர்க்கு அக்கட்டாயம் குறைவு. எல்லைக் காவல் அதிகாரியின் மேசை, புலம்பெயர்ந்த தாயின் அடுக்களை, ஒரு வாக்கியத்தின் அமைப்பு ஆகியன விளையாட்டிற்குப் பொருளாயின இவ்வுரிமையாலேயே.

2. தோற்றமும் வளர்ச்சியும்

வரலாற்றை நோக்கின் கணினி விளையாட்டு தற்சார்பாகவே தோன்றியது எனலாம். 1962ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரசலும் அவர்தம் நண்பரும் பி.டி.பி.-1 என்னும் பொறியில் ‘ஸ்பேஸ்வார்’ என்னும் விளையாட்டை இயற்றினர். அவர்கள் அதனை விற்கக் கருதவில்லை. பொறியின் ஆற்றலை அறியும் ஆர்வமே அவர்களைத் தூண்டியது. 1975-76ஆம் ஆண்டுகளில் வில் குரோதர் என்பார் தாம் நுழைந்து ஆராய்ந்த குகைகளை அடியாகக் கொண்டு, சொற்களால் மட்டுமே இயங்கும் ‘அட்வென்ச்சர்’ என்பதனை எழுதினார். 1977ஆம் ஆண்டில் டான் வுட்ஸ் அதனை விரித்தார். ஒருவர் இயற்றியதனை மற்றொருவர் விரிப்பது நம் இலக்கிய வரலாற்றிற்கும் புதிதன்று.

பின்னர் வணிகம் வளர்ந்தது. வீட்டுத் தொலைக்காட்சியொடு இணைத்து ஆடும் பொறிகளுக்கு விளையாட்டு இயற்ற விரும்புவோர், பொறி செய்யும் நிறுவனத்தின் இசைவைப் பெறவேண்டியதாயிற்று. கடை, விளம்பரம், முதல் ஆகிய அனைத்தும் பெரியோர் வசமாயின. இந்நிலை மாறுதற்கு இரண்டு காரணங்கள் துணைநின்றன. ஆக்கக் கருவிகள் எளிமையுற்றமை ஒன்று. இணையத்தின் வழியே ஆடுநரை நேரே அடையும் வாய்ப்பு மற்றொன்று. நெதர்லாந்து நாட்டுக் கணினியியல் அறிஞர் மார்க் ஓவர்மார்ஸ் 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட கருவியே பின்னர் ‘கேம் மேக்கர்’ எனப் புகழ்பெற்றது. அதே ஆண்டில்தான் தற்சார்பு விளையாட்டு விழாவின் முதற் பரிசளிப்பும் நடைபெற்றது.

2004ஆம் ஆண்டு டிசம்பரில் ஜப்பானியராகிய டைசுகே அமாயா ‘கேவ் ஸ்டோரி’ என்னும் விளையாட்டை விலையின்றி வெளியிட்டார். ஓவியம், இசை, கதை, நிரல் ஆகிய நான்கையும் ஏறத்தாழ ஐந்தாண்டு உழைப்பில் அவர் ஒருவரே இயற்றினார். தனியொருவர் முழுமையான ஆக்கம் ஒன்றைத் தரவல்லார் என்பதற்கு அது சான்றாயிற்று. 2008ஆம் ஆண்டில் டெரெக் யு கேம் மேக்கர் கருவியைக் கொண்டு ‘ஸ்பெலங்கி’ என்பதனை இயற்றினார். அதன் அமைப்பு நோக்கத் தக்கது. ஒவ்வொரு குகைத் தளமும் நான்கிற்கு நான்காகப் பதினாறு அறைகளைக் கொண்டது. மேல் வரிசையிலுள்ள நுழைவாயிலிலிருந்து கீழ் வரிசையிலுள்ள வெளிவாயில் வரை தடையற்ற வழியொன்றை நிரல் முதலில் வகுக்கும். எஞ்சிய அறைகளை அதன்பின் நிரப்பும். ஆதலின் ஆடுந்தோறும் குகை புதிதாகும்; ஆயினும் கடக்க இயலாத குகை தோன்றாது. சில விதிகளிலிருந்து எண்ணிறந்த வடிவங்கள் பிறக்கும் இம்முறை, வரம்புடைய இலக்கண விதிகளால் வரம்பிலாத் தொடர்கள் பிறத்தலை ஒத்தது.

3. விதியும் பொருளும்

நூலைக் கற்போர் ஏடு புரட்டுதற்குக் கண்ணையும் கையையும் இயக்கினால் போதும். சில பனுவல்களோ கற்போர் தேர்ந்தும் முயன்றும் அன்றித் தம்முள் வழிவிடா. இத்தகைய பனுவல்களைத் தனி வகையாகக் கொண்டு நார்வே நாட்டு அறிஞர் எஸ்பன் ஆர்செத் 1997ஆம் ஆண்டில் ‘சைபர்டெக்ஸ்ட்’ என்னும் நூலில் ஆராய்ந்தார். இயன் போகோஸ்ட் 2007ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில், விளையாட்டு சொல்லாலும் படத்தாலும் வற்புறுத்துவதோடு அமையாது விதிகளின் இயக்கத்தாலும் கருத்தை வற்புறுத்தும் எனக் காட்டினார். இவ்விரு கருத்தும் விளங்க இரண்டு சான்றுகளைக் காண்போம்.

லூக்கஸ் போப் என்பார் 2013ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், பிளீஸ்’ முதற் சான்று. அர்ஸ்டாட்ஸ்கா என்னும் கற்பனை நாட்டின் எல்லையில், 1982ஆம் ஆண்டில், வருவோர் ஆவணங்களைச் சரிபார்க்கும் அலுவலர் பொறுப்பினை ஆடுநர் ஏற்கின்றார். நாள்தோறும் விதிகள் பெருகுகின்றன. சரிபார்த்தோர் தொகைக்கு ஏற்பவே கூலி. அக்கூலியைக் கொண்டே வீட்டு வாடகை, உணவு, மருந்து ஆகியவற்றைக் கண்டாக வேண்டும். கணவன் ஆவணம் செம்மையாய் இருக்க, பின்வரும் மனைவியின் ஆவணம் குறையுடையதாய் வருகின்றது. அவளை உள்ளே விட்டால் தண்டம் நேரலாம். தடுத்தால் குடும்பம் பிரியும். கொடுங்கோன்மை தீதென்று அவ்விளையாட்டு அறிவுரை கூறவில்லை. நல்லவரும் அதற்கு எவ்வாறு கருவியாகின்றனர் என்பதனை ஆடுநர் தம் கைச்செயலாலேயே உணர்கின்றார். 2014ஆம் ஆண்டின் தற்சார்பு விளையாட்டு விழாவில் தலைமைப் பரிசு பெற்ற ஆக்கம் இது.

இரண்டாம் சான்று மொழியாராய்ச்சியாளர்க்கு இன்னும் நெருங்கியது. பின்லாந்து நாட்டு ஆர்வி டெய்க்காரி 2017ஆம் ஆண்டில் ஒரு விளையாட்டாக்கப் போட்டிக்கு இயற்றி, 2019ஆம் ஆண்டில் விரித்து வெளியிட்ட ‘பாபா இஸ் யூ’ என்பது அது. கட்டங்களாகிய களத்தில் சுவர், பாறை, கொடி முதலிய பொருள்களோடு சொற்களும் கட்டைகளாகக் கிடக்கும். ‘வால்’, ‘இஸ்’, ‘ஸ்டாப்’ என்னும் மூன்று கட்டைகள் ஒரு வரிசையில் நின்றால் சுவர் தடையாகும். ஆடுநர் அவற்றுள் ஒன்றைத் தள்ளிவிட்டால் வாக்கியம் சிதையும். சுவரும் தடை நீங்கும். வாக்கியமே ஈண்டு உலகின் விதி. தொடரின் உறுப்புகளை மாற்றுவதே ஆட்டம்.

இதனைத் தமிழாக்க முற்படின் நேர்வது யாது என எண்ணிப் பார்த்தல் பயன்தரும். ஆங்கிலத்தில் எழுவாய்க்கும் பெயர்ப்பயனிலைக்கும் இடையே ‘இஸ்’ என்னும் இணைப்புச் சொல் நின்றாக வேண்டும். தமிழில் ‘சுவர் தடை’ என்பதே நிறைவுற்ற தொடர். எனவே மூன்று கட்டைகள் இரண்டாகும். நடுக்கட்டையைப் பெயர்த்து விதியை உடைக்கும் புதிர்கள் நில்லா. ‘ஆகும்’ என்பதனைச் சேர்ப்பின் அது இறுதியில் நிற்கும். மேலும் எதிர்மறைச் சொல் ஆங்கிலத்தில் இடையே புகும். தமிழில் ‘சுவர் தடை அன்று’ என இறுதியில் வந்து முன்னின்ற முழுத்தொடரையும் மறுக்கும். எண்ணும்மையும் ‘பாறையும் சுவரும்’ என ஒவ்வொரு பெயரொடும் ஒட்டிவரும். ஆதலின் சொற்களை மட்டும் பெயர்ப்பது போதாது. தமிழ்த் தொடரியலுக்கேற்பப் புதிர்களையே புதிதாக வகுத்தல் வேண்டும். விளையாட்டின் விதியும் மொழியின் விதியும் ஒன்றோடொன்று பின்னியிருத்தலை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

4. ‘வெண்பா’ என்னும் விளையாட்டு

தமிழ் வாழ்வையே பொருளாகக் கொண்ட ஆக்கம் ஒன்றும் உலக அரங்கில் இடம்பெற்றுள்ளது. கனடா நாட்டு டொராண்டோ நகரின் ‘விசை கேம்ஸ்’ என்னும் சிறு குழுவினர் 2023ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் வெளியிட்ட ‘வெண்பா’ அது. 2024ஆம் ஆண்டில் தற்சார்பு விளையாட்டு விழாவின் தலைமைப் பரிசும், பிரித்தானியத் திரைக்கலைக் கழகமாகிய பாஃப்டாவின் சிறந்த முதல் ஆக்கத்திற்கான பரிசும் அதற்குக் கிடைத்தன.

தமிழகத்திலிருந்து கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் என்னும் இணையரின் வாழ்க்கை 1988ஆம் ஆண்டில் தொடங்கி விரிகின்றது. அவர்கட்குக் கவின் என ஒரு மகன் பிறக்கின்றான். வெண்பாவிடம் அவள் தாயின் சமையற் குறிப்பேடு உள்ளது; அது கிழிந்தும் மை கலைந்தும் சிதைந்துள்ளது. இட்டலித் தட்டுகளை அடுக்கும் முறை, புட்டிற்கு மாவையும் தேங்காய்த் துருவலையும் இடும் வரிசை ஆகியவற்றுள் விடுபட்டனவற்றை, எஞ்சிய சொற்களையும் படங்களையும் செய்பொருளின் இயல்பையும் கொண்டு ஆடுநரே உய்த்துணர வேண்டும்.

இச்செயல் நமக்குப் புதிதோ? சிதைந்த ஏட்டில் எஞ்சிய எழுத்தைக் கொண்டு இழந்த பாடத்தை மீட்கும் பதிப்பாசிரியர் செய்வதும் இதுவே. பதிப்பாசிரியர்க்கு யாப்பும் வழக்கும் துணையாவது போல, ஆடுநர்க்கு ஆவியின் இயல்பும் அடுப்பின் இயல்பும் துணையாகின்றன. கவின் வளர்ந்து அவ்வேட்டைத் தானே கையில் எடுக்கும் இடத்தில் சிக்கல் வேறாகின்றது. ஏடு முழுமையாக இருப்பினும் அவனுக்குத் தமிழ் எழுத்தைப் படித்தறிவது கடினம். தாய்க்கு ஏட்டின் சிதைவு தடை. மகனுக்கு மொழியின் சிதைவு தடை. புலம்பெயர்ந்தோர் தலைமுறைதோறும் மொழியை இழக்கும் நிலையை அவ்விளையாட்டு சொல்லி விளக்காமல், படிக்க இயலாமையின் இடர்ப்பாட்டை ஆடுநர் மேலேயே சுமத்தி உணர்த்துகின்றது. இதனைத் தமிழ் ஆய்வாளர் ஆராயாது விடின் வேறு யாவர் ஆராய்வர்?

5. தேடலும் ஆடலும்

2003ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஸ்டீம்’ என்னும் இணைய அங்காடியில் 2021ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் பதினாயிரத்திற்கு மேற்பட்ட விளையாட்டுகள் வெளிவருகின்றன. மிகுதியாக விற்பன மேலும் முன்வைக்கப்படுதலின், விற்பனைப் பட்டியலை மட்டும் நோக்குவோர் கண்ணில் அரியன பல படா. 2013ஆம் ஆண்டில் லீஃப் கோர்கொரன் தொடங்கிய ‘இட்ச்’ என்னும் களத்தின் இயல்பு வேறு. ஆக்குநர் தம் விலையைத் தாமே குறிக்கலாம், விலையின்றியும் தரலாம், களத்திற்கு அளிக்கும் பங்கையும் தாமே வரையறுக்கலாம். 2020ஆம் ஆண்டு ஜூனில் இன நீதிக்காக அக்களத்தார் தொகுத்த 1,700க்கு மேற்பட்ட ஆக்கங்களின் தொகுதி 80 இலட்சம் டாலருக்கு மேல் திரட்டித் தந்தது. ஆய்வாளர் தொடங்குதற்கு உரிய இடங்கள் இரண்டு: தற்சார்பு விழாவின் ஆண்டுதோறும் வரும் இறுதித் தேர்வுப் பட்டியல் ஒன்று, இட்ச் களத்தில் பொருள்வாரியாக அமைந்த தொகுப்புகள் மற்றொன்று.

ஆடும் முறையைப் பற்றியும் சில கூறுதல் தகும். முதன்முறை, பிறர் எழுதிய வழிகாட்டியை நோக்காது ஆடுதல் நன்று. மயங்குவதும் தோற்பதும் ஆக்குநர் கருதிய அனுபவத்தின் கூறுகள். இரண்டாம் முறை, எதனைச் செய்ய இயலாது என்பதனைச் சோதித்தல் வேண்டும். விளையாட்டு மறுக்கும் செயல்களே அதன் கருத்தெல்லையைக் காட்டும். மூன்றாவதாக, ஆடிய பதிப்பின் எண்ணைக் குறித்துக்கொள்ளல் இன்றியமையாதது. எரிக் பரோன் தனியொருவராக நான்காண்டிற்கு மேல் உழைத்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஸ்டார்டியூ வேலி’, 2024ஆம் ஆண்டு மார்ச்சில் 1.6 என்னும் பதிப்பை எய்தியது. அவ்விரு காலத்தும் ஆடியோர் ஒரே பாடத்தை ஆடினர் எனல் பொருந்தாது. பாட வேறுபாட்டைப் போற்றும் நம் மரபினர்க்கு இதன் இன்றியமையாமை எளிதின் விளங்கும்.

6. ஆக்கக் கற்றல்

யாப்பறிந்து ஒரு செய்யுளேனும் இயற்றிப் பார்த்தவர் பிறர் செய்யுளை நுணுகிக் காண்பர். விளையாட்டிற்கும் அது பொருந்தும். சிறியதொன்றை ஆக்கிப் பார்த்தவரே விதிக்கும் விளைவிற்கும் உள்ள உறவை நன்கு உணர்வர். நிரலெழுதும் பயிற்சி இல்லாதாரும் தொடங்குதற்கு ஏற்ற கருவிகள் பல உள்ளன.

கிறிஸ் கிளைமஸ் 2009ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘டுவைன்’ தமிழ் மாணவர்க்கு முதற்கண் உரியது. கதையைச் சிறு பகுதிகளாக எழுதி, ஒரு சொல்லை இரட்டைச் சதுர அடைப்புக்குள் இட்டால் அச்சொல்லே அடுத்த பகுதிக்கு வாயிலாகிவிடும். முடிந்த ஆக்கம் இணைய உலாவியில் இயங்குதலின் தமிழ் எழுத்து பிழையின்றித் தோன்றும். இது சிறு செய்தியன்று. ‘கெ’, ‘கை’ முதலியவற்றில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னர்ப் பதிவாகி முன்னர்த் தோன்றும். ‘கொ’ போல்வனவற்றில் இருபுறமும் தோன்றும். குறிகளைப் பதிவான வரிசையிலேயே அடுக்கும் கருவிகளில் இவை சிதையும். திறந்த மூலநிரல் கொண்ட ‘கோடோ’ என்னும் பெருங்கருவி, 2023ஆம் ஆண்டு மார்ச்சில் வெளிவந்த 4.0 பதிப்பில் இத்தகைய எழுத்துகளை முறையாக அமைக்கும் ஆற்றலைப் பெற்றது.

ஸ்டீபன் லவெல் 2013ஆம் ஆண்டில் தந்த ‘பசில்ஸ்கிரிப்ட்’ நூற்பா யாத்தலை நினைவூட்டும். ‘ஆடுநன் பெட்டியை நோக்கி நகரின் பெட்டியும் அத்திசை நகரும்’ என்னும் பொருள்பட ஒரே வரி எழுதினால், 1982ஆம் ஆண்டில் ஜப்பானில் தோன்றிய ‘சொகோபான்’ விளையாட்டின் அடிப்படை அமைந்துவிடும். ‘பிக்கோ-8’ என்னும் கருவியோ வேண்டுமென்றே வரம்புகளை விதிப்பது. 128க்கு 128 புள்ளிகள் கொண்ட திரை, 16 வண்ணம், 8,192 நிரற்சொற்கள் என்பன அதன் எல்லை. மேடி தோர்சனும் நோயல் பெரியும் 2015ஆம் ஆண்டில் நான்கே நாளில் இதில் இயற்றிய ‘செலஸ்ட்’, 2018ஆம் ஆண்டில் புகழ்பெற்ற பேராக்கமாக விரிந்தது. அடியும் சீரும் வரையறுக்கப்பட்ட யாப்பில் சொல் செறிவுறுதல் போல, இவ்வரம்பினுள் கருத்து செறிவுறுகின்றது.

முடிக்கக் கற்பதே தொடக்கத்தார்க்கு அரிது. அதற்குத் துணையாவன குறுங்காலப் போட்டிகள். 2002ஆம் ஆண்டில் தொடங்கிய ‘லூடம் டேர்’ என்பதில் அறிவிக்கப்பட்ட ஒரு பொருள் பற்றி 48 மணி நேரத்தில் தனியொருவர் ஒரு விளையாட்டை முடித்தல் மரபு. பின்னர்ப் பங்கேற்றோர் ஒருவர் ஆக்கத்தை ஒருவர் ஆடி மதிப்பிடுவர். குறித்த பொருளில் உடன் இயற்றுதலும் அவையில் வைத்து ஆராய்தலும் நம் புலவர்க்கும் பழக்கமானவையே.

கருவியைத் தேர்வதில் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். யூனிட்டி என்னும் கருவியை உடைய நிறுவனம், தன் கருவியால் ஆக்கியவற்றை நிறுவுந்தோறும் கட்டணம் கொள்ளப்படும் என 2023ஆம் ஆண்டு செப்டம்பரில் அறிவித்தது. எதிர்ப்பு மிகவே அதனைத் திருத்தி, 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் முற்றும் கைவிட்டது. எழுதுகோல் பிறர் உடைமையாயின் எழுத்தின் உரிமையும் ஐயத்திற்கிடமாகும் என்பதனை அந்நிகழ்ச்சி உணர்த்தியது. திறந்த மூலநிரல் கருவிகளை ஆய்வுத்துறையினர் விரும்புதற்கு இதுவும் ஒரு காரணம்.

7. அழிவும் காப்பும்

நூல் அழிவது ஏடு அழிவதால். விளையாட்டோ ஏடு இருக்கவே அழியக் கூடியது. அதனை இயக்கும் பொறியோ மென்பொருளோ மறைந்தால் நிரல் இருந்தும் பயனில்லை. இதற்குப் பெருஞ்சான்று ‘பிளாஷ்’ என்னும் மென்பொருள். இந்நூற்றாண்டின் முதற் பதினைந்து ஆண்டுகளில் தற்சார்பு ஆக்குநர் பலர் அதனைக் கொண்டே பயின்று, உலாவியில் இயங்கும் சிறு விளையாட்டுகளை எண்ணிறந்து இயற்றினர். அடோபி நிறுவனம் 2020ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாளொடு அதனை நிறுத்தியது. 2021ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் முதல் அதன் இயக்கியும் இயங்க மறுத்தது. இதனை முன்னறிந்த ஆர்வலர் 2018ஆம் ஆண்டில் ‘பிளாஷ்பாயின்ட்’ என்னும் காப்புப் பணியைத் தொடங்கி, இலட்சத்திற்கு மேற்பட்ட ஆக்கங்களைத் திரட்டி, இயங்கும் நிலையிலேயே காத்துள்ளனர். எந்த அரசும் ஏவாது, தாமே முன்வந்து ஆற்றிய தொண்டு அது.

காப்பவர் மூன்றினைக் காத்தல் வேண்டும்: நிரல், அதனை இயக்கும் சூழல், ஆடியோர் குறிப்புகள். முதலிரண்டும் இருந்து மூன்றாவது இல்லையேல், உரையின்றி மூலம் மட்டும் கிடைத்த நூல்போல அது நிற்கும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தற்சார்பு விளையாட்டு என்பது ஆக்குநரின் தீர்மான உரிமையால் உயிர்பெறும் கலை என்பதும், அது தன் பொருளை விதிகளின் வாயிலாகவும் உணர்த்தும் என்பதும், ஆடியும் ஆக்கியும் அன்றி அதனை முழுதும் அறிதல் இயலாது என்பதும் பெறப்பட்டன. தமிழ்த்துறைகள் உடனே செய்யத் தக்கன மூன்று என்பது எம் கருத்து. முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஒரு பருவத்தில் ஒரு விளையாட்டையேனும் பதிப்பெண்ணொடு ஆடிக் குறிப்பெழுதுதல் வேண்டும். டுவைன் போன்ற எளிய கருவியில் தமிழிலேயே ஒரு சிற்றாக்கம் இயற்றுதல் வேண்டும். ‘வெண்பா’ முதலாகத் தமிழோடு உறவுடைய ஆக்கங்களை அவை இயங்கும் பொறியொடு சேர்த்து நூலகங்கள் காத்தல் வேண்டும். ஓலையைப் படியெடுத்தோர் எழுத்தைக் காத்தனர். இக்கலையைக் காப்போர் எழுத்தொடு செயலையும் காத்தாக வேண்டும். அது இயங்கும் பொறிகள் நம் கையில் இருக்கும் இந்நாளே அப்பணிக்கு உரிய காலம்.